பெயர் கேட்டு விடை வராதபோது

வீட்டுக் கணினியில் ஒரு வலைத்தளத்தின் பெயரைத் தட்டுகிறோம். சிறு வட்டம் சற்று நேரம் சுழல்கிறது. பின்னர் வெண்ணிறப் பக்கத்தில் வாடிய முகத்தோடு ஒரு தாளின் படம் தோன்றுகிறது. அதனடியில், இத்தளத்தை அணுக இயலவில்லை என்னும் பொருளில் பெரிய எழுத்தில் ஒரு தொடர்; அதற்கும் அடியில், சாம்பல் நிறத்தில், டிஎன்எஸ் என்று தொடங்கும் சிறு குறிப்பு. பெரிய எழுத்தைப் படிப்போர் பலர். சாம்பல் நிறத்தைப் படிப்போர் மிகச் சிலர். "நெட் போய்விட்டது" என்றோ "சர்வர் படுத்துவிட்டது" என்றோ சொல்லிவிட்டு எழுந்து விடுகிறோம். நாம் கண்டவரையில், செய்தி முழுவதும் அந்தச் சாம்பல் வரியில்தான் இருக்கிறது. தளம் இருந்த இடத்தில் இருக்கிறது. அதற்குச் செல்லும் பாதையும் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. பெயரைச் சொன்னால் முகவரி எண்ணைத் தரவேண்டிய ஒருவர் தரவில்லை, அவ்வளவே.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் வினவக்கூடும். பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவு நம் துறையின் பழைய கவலை. நிகண்டுகளை நெட்டுருச் செய்த மரபில் வந்தவர்கள் நாம். ஒரு பெயரைச் சொன்னால் அது எதைக் குறிக்கிறது என்று உடனே சொல்லவேண்டும் என்பதற்காகவே திவாகரமும் பிங்கலமும் சூடாமணி நிகண்டும் செய்யுளில் அமைந்தன. இணையத்திற்கும் அப்படி ஒரு நிகண்டுக் காலம் இருந்தது என்பதை அறிந்தபோதுதான் இந்தச் சாம்பல் வரியில் நமக்கு ஆர்வம் பிறந்தது.

கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. எண்களை நினைவில் வைப்பது மனிதருக்குக் கடினம். ஆகவே பெயர்கள் வந்தன. 1970களில், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் இருந்த கணினிகளின் பெயரையும் எண்ணையும் ஒரே கோப்பில் எழுதி வைத்திருந்தனர். ஹோஸ்ட்ஸ் என்பது அதன் பெயர். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபெய்ன்லர் என்ற பெண்மணியின் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அதைப் பேணி வந்தது. புதுக் கணினிக்குப் பெயர் வேண்டுவோர் அந்த மையத்தாரிடம் கேட்டுப் பதிந்துகொள்வர். மற்றையோர் அவ்வப்போது புதிய படியை எடுத்துத் தம் கணினியில் வைத்துக்கொள்வர். ஏறக்குறைய நம் நிகண்டு முறைதான். மூலம் ஓரிடத்தில், படி ஆளுக்கொன்று.

கணினிகள் பெருகியபோது இம்முறை தாங்கவில்லை. 1983 நவம்பரில் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் ஒரு மாற்றுத் திட்டத்தை இரண்டு ஆவணங்களில் வெளியிட்டார். 1987இல் அவை திருத்தம் பெற்றன. இன்றும் நாம் பயன்படுத்தும் டிஎன்எஸ், அதாவது ஆள்களப் பெயர் முறைமை, அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது. அதன் சிறப்பு, முழுப் பட்டியலை யாரும் வைத்திருக்க வேண்டியதில்லை என்பது. ஒவ்வொருவரும் தமக்கு அடுத்த நிலையில் உள்ளவரை மட்டும் அறிந்திருந்தால் போதும். அஞ்சல் உறையைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கும் அஞ்சல் பிரிப்பாளரைப் போல, தளத்தின் பெயரைக் கணினி வலக்கோடியிலிருந்து படிக்கிறது. கல்லூரித் தளம் ஒன்று ஏசி.இன் என்று முடிவதாகக் கொள்வோம். முதலில் வேர் வழங்கியிடம் கேட்கவேண்டும். அது, இன் என்பதை அறிந்தவர் இன்னார் என்று சுட்டும். அவர் அடுத்தவரைச் சுட்டுவார். இறுதியில் அந்தக் கல்லூரிப் பெயருக்குப் பொறுப்பானவர் எண்ணைச் சொல்வார். வேர் வழங்கிகளுக்கு ஆங்கிலத்தின் ஏ முதல் எம் வரை பதின்மூன்று பெயர்கள் உண்டு. அப்பெயர்களில் இயங்கும் கணினிகளோ இன்று உலகெங்கும் ஆயிரத்துக்கு மேல் உள்ளன.

இத்தனை பேரையும் நம் வீட்டுக் கணினி நேரில் சென்று கேட்பதில்லை. அது தன் திசைவியிடம், அதாவது ரவுட்டரிடம் கேட்கிறது. ரவுட்டர் இணையச் சேவை நிறுவனத்தின் வழங்கியிடம் கேட்கிறது. அந்த வழங்கிதான் நமக்காக அலைந்து விடை கொண்டுவருகிறது. கொண்டுவந்த விடையைக் குறித்த காலம் வரை நினைவில் வைத்துக்கொள்ளவும் செய்கிறது. அந்தக் காலம் சில நொடிகளாகவும் இருக்கலாம், ஒரு நாளாகவும் இருக்கலாம். பெயருக்கு உரியவர் குறிப்பது. காலையில் திறந்த தளம் மாலையில் திறக்காமற் போவதற்கும், ஒரு தளம் திறந்து இன்னொன்று திறக்காமலிருப்பதற்கும் இந்த நினைவே பெரும்பாலும் காரணம். நினைவில் இருப்பவை திறக்கும். புதிதாகக் கேட்கவேண்டியவை திறவா.

இங்கே நன்னூலை நினையாமல் நம்மால் மேலே செல்ல இயலவில்லை. பவணந்தியார் விடைகளை எட்டு வகைப்படுத்துகிறார்: சுட்டு, மறை, நேர், ஏவல், வினாவுக்கு எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. ஆண்டுதோறும் இந்தப் பகுதியைப் பாடம் சொல்லும்போது நடனம் ஆடத் தெரியுமா, கடைவீதிக்குப் போவாயா என்று பழைய எடுத்துக்காட்டுகளையே தருவோம். ஆள்களப் பெயர் முறைமையில் வரும் விடைகளை இந்த வகைப்பாட்டில் வைத்துப் பார்த்தால் பிழை எங்கே என்பது பளிச்சென்று தெரியும். வேர் வழங்கி அடுத்தவரைக் காட்டுவது சுட்டு விடை. "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று வருவது மறை விடை. பெயரைத் தவறாகத் தட்டியிருப்போம், அல்லது அப்பெயரின் பதிவு காலாவதியாகியிருக்கும். "என்னால் கண்டுபிடித்துச் சொல்ல இயலவில்லை" என்று வழங்கி தன் நிலையைச் சொல்வதும் உண்டு. வருவாயா என்று கேட்டால் கால் வலிக்கிறது என்பது போன்ற இதனை உற்றது உரைத்தல் எனலாம். தேடித்தரும் வழங்கிக்கும் பெயருக்கு உரியவருக்கும் இடையில் ஏதோ கோளாறு என்பது அதன் பொருள்.

இனமொழி விடைக்கும் சான்று உண்டு. பயறு கேட்டவருக்குக் கடைக்காரர் உளுந்து இருக்கிறது என்பது போல, இல்லாத பெயரைக் கேட்டால் இல்லை என்று சொல்லாமல் விளம்பரப் பக்கத்தின் எண்ணைத் தருவது. 2003 செப்டம்பரில் காம், நெட் என்னும் இரு ஈறுகளையும் நடத்திய வெரிசைன் நிறுவனம், பதிவாகாத எந்தப் பெயரைக் கேட்டாலும் தன் தேடல் பக்கத்துக்கே அழைத்துச்செல்லும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. எதிர்ப்பு வலுக்கவே அடுத்த மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்திக்கொண்டது. மறை விடையும் மதிக்கத்தக்க விடையே என்பதை அன்று பொறியாளர்கள் உரக்கச் சொன்னார்கள்.

எட்டு வகையிலும் அடங்காதது ஒன்று உண்டு. அது மௌனம். கேட்டோம், காத்திருந்தோம், ஒன்றும் வரவில்லை. வீட்டுக் கணினிகளில் நாம் கண்ட பெரும்பாலான கோளாறுகள் இந்த மௌனத்தைச் சேர்ந்தவையே. மௌனத்தை மறை விடையாகக் கொள்வதில்தான் கேடு விளைகிறது.

2021 ஜூலை. பெருந்தொற்றின் இரண்டாம் அலை தணியத் தொடங்கியிருந்த நேரம். பருவத் தேர்வுகள் இணையவழி நடந்தன. வினாத்தாளைத் தளத்திலிருந்து இறக்கி, தாளில் விடை எழுதி, பக்கங்களைப் படமெடுத்து ஒரே கோப்பாக்கி, குறித்த நேரத்துக்குள் அதே தளத்தில் ஏற்றவேண்டும். நம் துறையின் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி நம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து தேர்வெழுதினாள். அவள் ஊரில் செல்பேசிக்குக் கோபுரம் எட்டுவது மொட்டை மாடியில் மட்டுந்தான். அண்ணன் காலையில் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திண்ணையிலேயே அமர்ந்துகொண்டார். அந்தக் குடும்பத்தில் பட்டப்படிப்பின் இறுதித் தேர்வு வரை வந்தவள் அவள் ஒருத்திதான்.

ஒரு மணிக்கு எழுதி முடித்தாள். ஏற்றுவதற்கு இரண்டு மணி வரை நேரம். முப்பத்திரண்டு பக்கங்களைப் படமெடுத்துக் கோப்பாக்கி முடிக்கையில் ஒன்று இருபத்தைந்து. தளத்தைத் திறந்தால் வாடிய முகத் தாள் வந்து நின்றது. வினாத்தாளை அதே கணினியில் அதே தளத்திலிருந்துதான் காலையில் இறக்கியிருந்தோம். மாணவர்களின் வாட்ஸப் குழுவில் அதற்குள் செய்திகள் குவிந்தன.

"ஐயா, சர்வர் டவுன்னு எல்லாரும் போடுறாங்க ஐயா. டைம் நீட்டிப்பாங்களா ஐயா?"

அண்ணன் எழுந்து வந்தார். "டவுனுக்குப் போயி பிரவுசிங் சென்டர்ல போட்டுட்டு வந்துரட்டுமா சார்? பத்து நிமிஷம்தான்."

அந்தப் பெண்ணின் கையில் வாட்ஸப் செய்திகள் நம் வீட்டு இணைப்பின் வழியாகவே வந்துகொண்டிருந்தன என்பதை இங்கே வாசகர்கள் கவனிக்கவேண்டும். ஆக, இணைப்பு உயிரோடு இருந்தது. அடுத்து அவளுடைய செல்பேசியின் தரவு இணைப்பைக் கணினிக்குக் கொடுத்துப் பார்த்தோம். பக்கம் திறந்தது. ஆக, தேர்வுத் தளமும் உயிரோடு இருந்தது. ஆனால் நம் வீடு பழைய ஒட்டுக் கட்டடம், கனத்த சுவர்கள். கோப்பு ஒன்பது விழுக்காடு ஏறியதும் அப்படியே நின்றுவிட்டது. மீண்டும் முயன்றோம், மீண்டும் நின்றது. மணி ஒன்று முப்பத்தைந்து.

தளம் இருக்கிறது, பாதை இருக்கிறது, நம் வீட்டுக்கு மட்டும் பெயர் தெரியவில்லை. இந்த மூன்றையும் தனித்தனியே உறுதிசெய்ய விண்டோஸ் கணினியில் ஒரு கறுப்புப் பலகணி இருக்கிறது. தொடக்கப் பட்டியலில் சிஎம்டி என்று தட்டினால் வரும். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். விசைப்பலகையில் ஆங்கில எழுத்தில் தட்டுவது வாசகர் பொறுப்பு. முதலில் பிங் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, 8.8.8.8 என்ற எண்ணைக் கொடுத்தோம். இங்கே பெயரே இல்லை, வெறும் எண். நான்கு முறை மறுமொழி வந்தது. பாதையில் பழுதில்லை. இங்கேயே மௌனம் என்றால் பெயரைப் பற்றிக் கவலைப்படுவதில் பயனில்லை. மோடத்தையும் கம்பியையும் கவனிக்கவேண்டும்.

அடுத்து என்எஸ்லுக்கப் என்னும் கட்டளை. அதன் பின் தேர்வுத் தளத்தின் பெயர். கேட்கப்படுபவர் யார் என்பதை முதலில் காட்டும். நம் வீட்டில் அது 192.168.1.1, அதாவது ரவுட்டர். இரண்டு நொடி, இன்னும் இரண்டு நொடி என்று காத்திருந்துவிட்டு, நேரம் கடந்தது என்று அறிவித்தது. மௌனம். அதே கட்டளையை, அதே பெயரோடு, இறுதியில் 8.8.8.8 என்று சேர்த்துத் தட்டினோம். வீட்டு ரவுட்டரைக் கேளாமல் வேறொருவரைக் கேள் என்பது அதன் பொருள். உடனே எண் வந்தது. குற்றவாளி யார் என்பதில் ஐயமில்லை. நம் ரவுட்டரோ, அதற்கு மேலிருந்த சேவை நிறுவனத்தின் வழங்கியோ வாய்மூடிக் கிடந்தது. இவ்விருவரில் யார் என்பதை ரவுட்டரை அணைத்து மீண்டும் இயக்கிப் பார்த்தால் அறியலாம். சேவை நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தாலும் அதைத்தான் சொல்வார்கள். ரவுட்டர் மயங்கியிருந்தால் அது பலிக்கவும் செய்யும். ஆனால் இணைப்பு மீண்டுவர நான்கைந்து நிமிடம் ஆகும். மேலே உள்ளவர் பேசாதிருந்தால் அத்தனையும் வீண். அந்த நான்கைந்து நிமிடம் அன்று நம்மிடம் இல்லை.

கணினியின் பிணைய அமைப்பில் ஐபி பதிப்பு நான்கு என்னும் பகுதியைத் திறந்து, டிஎன்எஸ் முகவரி தானாகப் பெறுக என்றிருந்ததை மாற்றி, 8.8.8.8 என்றும் 1.1.1.1 என்றும் எழுதினோம். பின்னர் கறுப்புப் பலகணியில் ஐபிகான்ஃபிக், இடைவெளி, சாய்கோடு, ஃபிளஷ்டிஎன்எஸ். கணினி தன் நினைவில் வைத்திருக்கும் பழைய விடைகளைத் துடைத்தெறியும் கட்டளை இது. பெயர் இருக்கிறது என்ற விடையை நினைவில் வைப்பது போலவே, இல்லை என்ற விடையையும் இந்த முறைமை நினைவில் வைக்கிறது. 1998இல் வெளிவந்த ஓர் ஆவணம் அதற்கு விதிகளே வகுத்துள்ளது. ஆகவே பழுது நீங்கியபின்னும் சில நிமிடம் அந்தப் பழைய இல்லையே திரும்பத் திரும்ப வரக்கூடும். பலர் இங்கேதான் மனம் சோர்ந்து, செய்த மாற்றத்தையும் திரும்ப அழித்துவிடுகின்றனர். உலாவிக்கும் தனி நினைவு உண்டு. அதை முழுவதுமாக மூடித் திறக்கவேண்டும்.

ஒன்று நாற்பத்துமூன்றுக்குப் பக்கம் திறந்தது. ஒன்று ஐம்பதுக்குக் கோப்பு ஏறி முடிந்து, ஒப்புகை எண் திரையில் வந்தது. அவள் அதை நுழைவுச் சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டு, அந்தக் கையோடு தோழியரை அழைக்கத் தொடங்கினாள். அதே நிறுவனத்தின் இணைப்பைப் பயன்படுத்தும் மூவர் அந்த ஊரில் இருந்தனர். இருவரிடம் எண்களைப் படித்துக் காட்டினாள், அவர்களும் ஏற்றிவிட்டார்கள். மூன்றாமவள் தொலைபேசியை எடுக்கவேயில்லை. சர்வர் டவுன் என்ற செய்தியைக் கண்டதும், எல்லோருக்கும் நேர்ந்ததுதானே, நேரம் நீட்டிப்பார்கள் என்று எண்ணிச் செல்பேசியை மின்னேற்றத்தில் போட்டுவிட்டுச் சாப்பிடச் சென்றுவிட்டாளாம். நேரம் நீட்டிக்கப்படவில்லை. தளம் ஒரு நொடியும் படுக்கவில்லை அல்லவா? வராதோர் பட்டியலில் அவள் எண் வந்தது. அந்த ஒரு தாளுக்காக அடுத்த வாய்ப்பு வரை அவள் காத்திருக்க நேர்ந்தது. கல்வியியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும் காலமும் அதற்குள் கடந்துவிட்டது.

இந்த வழிமுறையில் வழுக்கும் இடங்கள் சில உண்டு. என்எஸ்லுக்கப் கட்டளை கணினியின் சொந்த நினைவைப் பார்ப்பதில்லை; நேரே வழங்கியைக் கேட்கிறது. ஆகவே அதில் எண் வந்து, உலாவியில் மட்டும் தளம் திறக்கவில்லையெனில் பழுது கணினிக்குள்ளே இருக்கிறது. நினைவைத் துடைத்துப் பார்க்கலாம். ஓர் உலாவியில் திறந்து மற்றொன்றில் திறக்கவில்லையெனில், அவற்றுள் ஒன்று பாதுகாப்பான டிஎன்எஸ் என்னும் வசதியால் ரவுட்டரைக் கேளாமல் தானே வேறொருவரைக் கேட்கிறது என்று கொள்ளலாம். ஐபி பதிப்பு நான்கில் எண்ணை மாற்றியும் பயனில்லையா? ரவுட்டர் பதிப்பு ஆறின் வழியாகவும் தன்னையே விடை சொல்பவராக அறிவித்திருக்கும், அங்கும் மாற்றவேண்டும். விபிஎன் மென்பொருளை நீக்கிய பின்னும் அது விட்டுச்சென்ற டிஎன்எஸ் எண் கணினியில் தங்கிவிடுவதை ஒருமுறை கண்டிருக்கிறோம்.

நமக்கு விடை சொல்பவரை நாமே மாற்றலாம் என்றால், நமக்குத் தெரியாமல் பிறரும் மாற்றலாம் அல்லவா? மாற்றினார்கள். டிஎன்எஸ் சேஞ்சர் என்ற தீநிரல் உலகெங்கும் இலட்சக்கணக்கான கணினிகளில் புகுந்து இந்த ஒரே அமைப்பைத் திருத்தி, தன் ஆள்கள் நடத்திய வழங்கிகளிடம் கேட்கவைத்தது. கணினிக்காரர் கேட்ட பெயருக்கு அவர்கள் விரும்பிய எண்ணைத் தந்தார்கள். 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை அந்த வழங்கிகளைக் கைப்பற்றியது. பின்னர் எழுந்தது ஒரு விந்தையான சிக்கல். அவற்றை அணைத்தால் பாதிக்கப்பட்ட கணினிகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் பெயர் மறந்துபோகும். எனவே நீதிமன்ற ஆணையின் பேரில் நல்ல வழங்கிகளை அந்த எண்களிலேயே வைத்து, 2012 ஜூலை 9 வரை நடத்தினார்கள். அதன் பிறகும் திருத்தப்படாதிருந்த கணினிகளில் வாடிய முகமே மிஞ்சியது.

8.8.8.8 கூகுள் நிறுவனத்தினுடையது. 2009 டிசம்பரில் தொடங்கியது. 1.1.1.1 கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2018 ஏப்ரலில் தொடங்கியது. கட்டணமில்லை. ஆனால் எந்த வீட்டிலிருந்து எந்தப் பெயர் எப்போது கேட்கப்பட்டது என்பது விடை சொல்பவருக்குத் தெரியும் என்பதை மறக்கலாகாது. சேவை நிறுவனத்துக்குத் தெரிந்துகொண்டிருந்தது இப்போது வேறொருவருக்கும் தெரியும். இது நமக்கு உவப்பில்லைதான். ஆயினும் அந்த ஜூலைக்குப் பிறகு நம் வீட்டுக் கணினியில் அவ்விரு எண்களையே வைத்திருக்கிறோம். எண்களைத் தாளில் எழுதி ரவுட்டரின் பக்கவாட்டில் ஒட்டியும் வைத்திருக்கிறோம். பெயர் தொலைந்த நேரத்தில் அதை இணையத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

வீட்டில் என்ன செய்தாலும் தீராத பழுதும் உண்டு. 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் மறைந்தன. அந்த நிறுவனத்தின் உள் வலையமைப்பில் நடந்த பராமரிப்புப் பணியில் நேர்ந்த தவறால், அதன் பெயர்களுக்கு விடை சொல்லும் வழங்கிகளுக்குச் செல்லும் பாதைகளே இணையத்திலிருந்து விலகிப்போயின. அன்று எந்த எண்ணைக் கேட்டாலும் உற்றது உரைத்தல்தான் வந்தது. நம் தெருவில் அன்றிரவு பல வீடுகளில் ரவுட்டர்கள் அணைந்து எரிந்தன.

மறை விடை உண்மையாகவே வரும் இடத்துக்கு வருவோம். நம்மைப் போன்ற சிற்றிதழ் வாசகர்களுக்கு நேரும் இழப்பு பெரும்பாலும் அங்கேதான். ஓர் ஆள்களப் பெயர் யாருக்கும் சொந்தமன்று. ஆண்டுக் கணக்கில் வாடகைக்குப் பெறுவது. புதுப்பிக்கத் தவறினால் சலுகைக் காலம் சிறிது உண்டு. அது கழிந்ததும் பெயர் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். வாங்க விரும்பும் எவரும் பின்னர் வாங்கலாம். இதழ்களின் தளங்கள் ஆசிரியர் ஒருவரின் மின்னஞ்சலிலும் ஒருவரின் கடவுச்சொல்லிலும் நடப்பவை. அவர் நோயுற்றால் புதுப்பிக்கும் நினைவூட்டல்கள் திறக்கப்படாத அஞ்சல்பெட்டியில் சேர்ந்துகொண்டிருக்கும்.

நாம் எழுதிவந்த சிற்றிதழ் ஒன்றின் தளம் அவ்வாறே மறைந்தது. அதை நடத்திய நண்பர் காலமாகி ஏழு மாதம் சென்றபின் ஒருநாள் அதன் பெயரைத் தட்டியபோது, அப்படி ஒரு பெயர் இல்லை என்று வந்தது. வீட்டு ரவுட்டரும் இல்லை என்றது; 8.8.8.8உம் இல்லை என்றது. இது மௌனமன்று. பெயரின் பதிவு முடிந்திருந்தது. பெயர் ஒரு நிறுவனத்தில், கோப்புகளுக்கான இடவாடகை வேறொரு நிறுவனத்தில். இரண்டும் வெவ்வேறு நாளில் முடிபவை. நண்பரின் துணைவியார் அவருடைய கோப்புகளைத் தேடி, இடவாடகை நிறுவனம் தொடக்கத்தில் அனுப்பிய மின்னஞ்சலின் அச்சுப்படி ஒன்றை எடுத்துத் தந்தார். "இதுல ஏதோ நம்பர் போட்டிருக்குங்க. இதுவா பாருங்க" என்றார். அதில் வழங்கியின் முகவரி எண் இருந்தது. இடவாடகை மார்ச் மாதம் வரை செலுத்தப்பட்டிருந்தது. அப்போது பிப்ரவரி.

எண்ணை மட்டும் உலாவியில் தட்டினால் போதாது. ஒரே எண்ணில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும்; எந்தப் பெயரைக் கேட்டு வந்தோம் என்று சொன்னால்தான் வழங்கி உரிய கதவைத் திறக்கும். பெயரையும் சொல்லவேண்டும், பெயரோ உலகில் இல்லை. அப்போதுதான் அந்தப் பழைய ஹோஸ்ட்ஸ் கோப்பு கைகொடுத்தது. ஸ்டான்ஃபோர்டு காலத்து அந்தக் கோப்பின் வழித்தோன்றல் இன்றும் ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும், சிஸ்டம்32 என்னும் கோப்புறைக்குள், டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி என்று போனால் இருக்கிறது. வெளியே யாரையும் கேட்பதற்கு முன் கணினி அதைத்தான் பார்க்கும். தீநிரல்கள் அதில் கைவைப்பதும் இதனால்தான். நோட்பேடை நிர்வாகி உரிமையுடன் திறந்து, அந்தக் கோப்பின் கடைசியில் ஒரே வரி சேர்த்தோம்: முதலில் எண், ஓர் இடைவெளி, பின் நண்பரின் இதழ்ப் பெயர்.

உலாவியில் பெயரைத் தட்டியதும் இதழின் முகப்பு வந்தது. அவர் கடைசியாக எழுதிய தலையங்கம், ஓரத்தில் பழைய இதழ்களின் பட்டியல், அடியில் வருகையாளர் எண்ணிக்கை. நாற்பத்தொரு இதழ்கள். நம் மேசையில் இருந்த அந்த ஒரு கணினிக்கு மட்டுமே அந்தப் பெயர் தெரிந்திருந்தது. இரண்டு இரவுகள் அமர்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படியெடுத்தோம். படங்கள் சில வரவில்லை. கதைகளும் கட்டுரைகளும் கவிதைகளும் முழுமையாக வந்தன. ஒரு படி அவருடைய துணைவியாரிடமும் ஒரு படி நம் துறை நூலகத்திலும் இருக்கிறது. மார்ச் இரண்டாம் வாரத்தில் ஒருநாள் அதே பெயரைத் தட்டியபோது, இடவாடகை நிறுவனத்தின் வெற்றுப் பக்கம் வந்தது. ஹோஸ்ட்ஸ் கோப்பில் சேர்த்த அந்த வரியை இன்னும் அழிக்கவில்லை.